காற்றுச் சீதனம்

"காசு வேண்டாம்," என்றார் கனகலிங்கம். "நகை வேண்டாம். வீடு வேண்டாம். நாங்க அந்த மாதிரி ஆளுங்க இல்ல."

ராஜினியின் அம்மா தேநீர்த் தட்டோடு அப்படியே நின்றாள். இத்தனை வேண்டாமுக்குப் பிறகு ஒரு வேண்டும் வரும் என்று அவளுக்குத் தெரியும்.

"ஃபேக்டரிக்குக் காத்து மட்டும் போட்டுக் குடுத்துடுங்க. அது போதும்."

பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டின் கூடத்தில் ஐந்து பேர் இருந்தார்கள். கீழே ரயில் போனது.

ராஜினியின் அப்பா தங்கரத்தினம் பழைய தொழிற்சாலைகளுக்குக் காற்றோட்டம் அமைத்துக் கொடுப்பவர். பூச்சோங்கில் பட்டறை. ஏழு ஆட்கள், இரண்டு லோரி. விசிறிக்கான தகரக் குழாய்களை அங்கேயே மடக்கி அடிப்பார்கள். எந்தக் கட்டடத்துக்கு எவ்வளவு காற்று வேண்டும் என்று அளந்து சொல்வது ராஜினி. பொறியியல் படித்தவள். முப்பத்திரண்டு வயது.

கனகலிங்கத்துக்குப் பெட்டாலிங் ஜெயாவில் மசாலாத் தூள் தொழிற்சாலை. அவருடைய அப்பா காலத்துக் கட்டடம். மேல்மாடியில் வெக்கையும் தூசும் அளவுக்கு மீறி இருப்பதாகத் தொழிலாளர் பாதுகாப்பு இலாகாவிலிருந்து கடிதம் வந்திருந்தது. மூன்று மாதத்தில் சரிசெய்ய வேண்டும். கடிதம் வந்த அதே வாரத்தில்தான் அவர் மகன் சஞ்சீவுக்காக ராஜினியின் ஜாதகத்தைக் கேட்டு ஆள் அனுப்பினார். இரண்டையும் சேர்த்துப் பார்க்க அப்போது யாருக்கும் தோன்றவில்லை. ராஜினியும் சஞ்சீவும் ஆறு முறை வெளியே போய்ச் சாப்பிட்டார்கள். தன் நகைச்சுவைக்குத் தானே முதலில் சிரிப்பவன். அவளுக்கு அவனைப் பிடித்திருந்தது.

"இதென்ன பெரிய விஷயம், அண்ணே," என்றார் தங்கரத்தினம். "செஞ்சிடலாம்."

"எப்ப?" என்று கேட்டாள் ராஜினி.

கனகலிங்கம் அவள் பக்கம் திரும்பினார்.

"ஆவணியில கல்யாணம். அதுக்கு முந்தின வெள்ளிக்கிழமை ஃபேக்டரியில சின்னதா ஒரு பூசை வைப்போம். சொந்தக்காரங்க எல்லாரும் வருவாங்க. உங்க அப்பா கையால சுவிட்ச் போடட்டும், பிள்ளை. அவருக்கும் மரியாதை, எங்களுக்கும் மரியாதை."

"அதுக்கு இன்னும் நாலு மாசம் இருக்கு, அங்கிள். லெட்டர்ல குடுத்த கெடு அடுத்த மாசம் முடியுது."

"டைம் கேட்டுக்கலாம் லா."

"அப்பா பாத்துக்குவாரு," என்றான் சஞ்சீவ். சிரித்தான்.

அவர்கள் போன பிறகு அம்மா குடிக்காத தேநீரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"இது சீதனம், அப்பா," என்றாள் ராஜினி.

"காசாக் கேட்டாத்தான் சீதனம். இது நம்ம தொழில். நம்ம பொண்ணு போற எடத்துக்கு நாம செய்யற வேலை."

"அப்ப பில் போடுங்க."

தங்கரத்தினம் தொலைக்காட்சியைப் போட்டார்.

மறுநாள் அவள் அளக்கப் போனாள். கீழ்த்தளத்தில் அலுவலகமும் அரவையும் பொட்டலம் கட்டுவதும். இரும்புப் படி ஏறினால் மேல்மாடி. அங்கே மிளகாயும் மல்லியும் வறுத்துச் சலிப்பார்கள். பதினோரு பெண்கள். தலைக்கு மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. காலை பத்து மணிக்கு முப்பத்தொன்பது டிகிரி இருந்தது. நின்ற இரண்டாவது நிமிடத்தில் அவள் கண்ணில் நீர் வழிந்தது.

காற்று எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்க்கப் புகை வேண்டும். அவள் பையில் புகைக்குழல் தீர்ந்திருந்தது. சுவரில் இருந்த சாமி படத்துக்கு முன்னாலிருந்து ஓர் ஊதுபத்தியை எடுத்துப் பற்றவைத்தாள். அதைக் கையில் பிடித்துக்கொண்டு வறுக்கும் சட்டிகளுக்கும் சல்லடைகளுக்கும் நடுவே மெதுவாக நடந்தாள்.

"என்னா தங்கச்சி, உசிரோட இருக்கறப்பவே எங்களுக்குப் பத்தி காட்டற?" என்றாள் ஒருத்தி. மூக்கையும் வாயையும் ஈரத் துண்டால் கட்டியிருந்தாள். கண் மட்டும் தெரிந்தது.

மற்றவர்கள் சிரித்தார்கள். சிரிப்பு இருமலாக மாறி, அடங்க நேரம் பிடித்தது.

கேட்டவள் பெயர் வீரம்மா. டெங்கில் ஊருக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள். இங்கே இருபத்தாறு வருடம்.

ஊதுபத்திப் புகை நேராக மேலே போய்க் கூரைக்கு அடியில் தேங்கி நின்றது. எந்த மூலையில் பிடித்தாலும் அப்படித்தான்.

கிழக்குச் சுவரில் இடுப்பு உயரத்திலிருந்து கூரைவரை இரும்புத் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருந்தன. சுவர் என்றுதான் ராஜினி முதலில் நினைத்தாள். கிட்டே போய்த் தூசைத் துடைத்த பிறகே தெரிந்தது. ஜன்னல்கள். ஒரே நீளக் கம்பியில் கோர்த்த தகடுகள். மூலையில் இருக்கும் பல்சக்கரத்தைச் சுற்றினால் எல்லாம் ஒன்றாகச் சாய்ந்து திறக்கும். மின்விசிறிகளை நம்பாத காலத்தில் கட்டியவர்கள் யோசித்துக் கட்டியிருக்கிறார்கள். சுற்றும் கைப்பிடியைக் காணோம். அது மாட்டும் சதுர முனை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது.

"இது எப்பருந்து மூடியிருக்கு, அக்கா?"

"எட்டு வருசம் ஆச்சு. பக்கத்துல கார் ஷோரூம் வந்தான். மொளகா நெடி வருதுன்னு கம்ப்ளெய்ன் பண்ணான். பாஸ் வந்து சுத்தி மூடிட்டுக் கைப்பிடியக் கையோட கொண்டுக்கிட்டுப் போயிட்டாரு."

"ஷோரூம் இப்ப இருக்கா?"

"அவன் காலி பண்ணி ரெண்டு வருசம். தெறக்கச் சொல்லிக் கேட்டோம். பழகிடும்னாரு."

"பழகிடுச்சா?"

"அவருக்குப் பழகிடுச்சு," என்றாள் வீரம்மா.

ராஜினி சதுர முனையை அளந்து குறித்துக்கொண்டாள். பிறகு படியில் உட்கார்ந்து கணக்குப் போட்டாள். படிக்கதவு எதிர்ச்சுவரில் இருந்தது. கதவையும் ஜன்னல்களையும் திறந்துவிட்டால் காற்று குறுக்கே ஓடும். இப்போது மணிக்கு ஒரு முறைகூட மாறாத காற்று பத்துப் பன்னிரண்டு முறை மாறும். தூசு முழுக்கப் போகாது. சல்லடைகளுக்கு மேல் உறிஞ்சும் கூடு வேண்டும். ஆனால் வெக்கை தணிந்துவிடும், மூச்சு விடலாம். ஒரு நாள் வேலை. கொஞ்சம் எண்ணெய். ஒரு கைப்பிடி.

இரண்டாவது முறை கணக்கைச் சரிபார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. நல்ல செய்தி என்று நினைத்துக்கொண்டு கீழே இறங்கினாள்.

"கதவைச் சாத்து, பிள்ளை. குளிர் போயிடும்," என்றார் கனகலிங்கம்.

அவருடைய நாற்காலியின் முதுகில் ஒரு ஸ்வெட்டர் தொங்கியது. எதிரே சஞ்சீவ் உட்கார்ந்திருந்தான். ராஜினி காகிதத்தை மேசைமேல் விரித்து விளக்கினாள். அவர் முழுதும் கேட்டார்.

"ஷோரூம்காரன் சண்டைக்கு வருவானே."

"அவங்க போயிட்டாங்களாம், அங்கிள்."

"வேற யாராச்சும் வருவாங்க."

"வந்தா அப்பப் பாத்துக்கலாம்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நீ சொல்ற மாதிரியே தெறந்து விடறோம். வெக்கை போயிடுது. இலாகாக்காரன் வந்து பாத்துட்டு சரின்னுட்டுப் போறான். அப்புறம் உங்க அப்பா எதுக்கு ஃபேன் போடுவாரு?"

ராஜினிக்கு அது உடனே புரியவில்லை.

"அப்பா போடுவாரு, அங்கிள். சல்லடைக்கு மேல கூடு கண்டிப்பா வேணும்."

"ஒரு கூடுன்னு முடிஞ்சிடும். எனக்கு அது போதாது. பத்து ஃபேன், குழாய், எல்லாம் பளபளன்னு புதுசா இருக்கணும். நாலு பேர் வந்து பாக்கறப்ப மருமக என்ன கொண்டுவந்தான்னு தெரியணும். ஜன்னலைத் தெறந்து வச்சிருக்கோம்னு காட்டவா முடியும்?"

"மேல பதினோரு பேர் இருக்காங்க."

"கொசுக்கடியில பால்மரம் வெட்டுன பரம்பரை. நாலு மாசத்துல அவங்களுக்கு ஒண்ணும் ஆகாது. நீ கல்யாணப் பொண்ணு. இதையெல்லாம் மனசுல போட்டுக்காத."

ராஜினி சஞ்சீவைப் பார்த்தாள். அவன் மேசைமேல் இருந்த தண்ணீர் வட்டத்தை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"நான் அப்பாகிட்டப் பேசறேன்," என்றான். அப்பா மூன்றடி தூரத்தில் இருந்தார்.

மூன்று வாரம் போனது. அவள் சஞ்சீவை நான்கு முறை தொலைபேசியில் கேட்டாள். பேசிக்கொண்டிருப்பதாகவே ஒவ்வொரு முறையும் சொன்னான். நான்காவது முறை, கல்யாணப் புடவைக்கு என்ன நிறம் என்று கேட்டான். அவள் சொல்லவில்லை.

வியாழக்கிழமை பட்டறைக்கு இலாகாவிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. கனகலிங்கம் இலாகாவுக்கு எழுதிய கடிதத்தின் நகல். கெடுவை நான்கு மாதம் நீட்டிக் கேட்டிருந்தார். காரணம், காற்றோட்ட வேலையை ஏற்ற நிறுவனத்தின் தாமதம். நிறுவனத்தின் பெயர் கீழே இருந்தது. தங்கரத்தினத்தின் பெயர்தான் அது.

ராஜினி அதை அச்செடுத்து அப்பாவின் முன் வைத்தாள். அவர் இரண்டு முறை படித்தார்.

"சும்மா எழுதறதுதானே. ஃபார்மாலிட்டி."

"முப்பது வருசத்துல நாம எங்கயாச்சும் லேட் பண்ணியிருக்கோமா?"

"இல்ல."

"இவரு நமக்கு ஆர்டர் குடுத்தாரா?"

"இல்ல."

"அப்ப எதுல தாமதம்?"

அவர் கடிதத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "கல்யாணம் முடியட்டும், ராஜினி," என்றார். குரல் கெஞ்சியது. அதைக் கேட்க அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

அவள் பட்டறையின் பின்பக்கம் போனாள். ஓர் இரும்புக் கம்பியைத் தேடி எடுத்தாள். சூடேற்றி இரண்டு இடத்தில் மடக்கினாள். முனையில் சதுரக் குழி உள்ள துண்டைப் பற்றவைத்துப் பிசிறை அராவத் தொடங்கினாள். ஆட்கள் வேலை முடிந்து போய்விட்டார்கள். அப்பா வந்து பக்கத்தில் நின்றார்.

"என்ன அது?"

"கைப்பிடி."

"எதுக்கு?"

"ஃபேக்டரிக்கு. என் சீதனம்."

தங்கரத்தினம் குனிந்து கைப்பிடியின் முனையைப் பார்த்தார்.

"சதுரம் எவ்வளவு?" என்றார்.

"பதினாறு மில்லி."

"கொஞ்சம் தளர்வா வை. அங்க துரு இருக்கும்."

மறுநாள் வெள்ளிக்கிழமை. கனகலிங்கம் காலையில் கோயிலுக்குப் போவார். பதினோரு மணிக்கு முன் வரமாட்டார். ராஜினி எண்ணெய்க் குப்பியோடும் கைப்பிடியோடும் மேலே ஏறினாள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. வீரம்மா சட்டிகளின் அடுப்பை அணைத்தாள்.

கைப்பிடி பொருந்தியது. சுற்றவில்லை. எண்ணெய் விட்டுக் காத்திருந்தாள். மறுபடி முயன்றாள். வீரம்மா வந்து கூடப் பிடித்தாள். ஏதோ முறிவதுபோல் ஒரு சத்தம். தகடுகள் அசைந்தன. எட்டு வருட மிளகாய்த்தூளும் துருவும் புறாக்கூட்டு வைக்கோலும் ஒன்றாகக் கொட்டின. எல்லாரும் இருமிக்கொண்டு படிக்கட்டுக்கு ஓடினார்கள். தூசு அடங்கியதும் திரும்பி வந்து, ஒருவர் மாற்றி ஒருவர் சுற்றினார்கள். வெளிச்சம் கோடு கோடாகத் தரையில் விழுந்தது. சாலைச் சத்தம் உள்ளே வந்தது.

ராஜினி ஊதுபத்தியைப் பற்றவைத்தாள். புகை எழுந்தது. வளைந்தது. வீரம்மாவின் தோளைத் தாண்டித் தகடுகளின் இடைவெளியில் நுழைந்து வெளியே போனது.

"ஏய், முதுகு குளுருதுடி," என்றாள் ஒருத்தி. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. வீரம்மா துண்டை அவிழ்த்தாள். துண்டு கட்டிய இடம் வெளுத்திருந்தது. மூன்று வாரத்துக்கு முன் பேசிய முகத்தை ராஜினி அப்போதுதான் முழுதாகப் பார்த்தாள்.

"இது உங்ககிட்டயே இருக்கட்டும், அக்கா," என்று கைப்பிடியைக் கொடுத்தாள்.

"பாஸ் கேட்டா?"

"நான் குடுத்தேன்னு சொல்லுங்க."

"கேக்கமாட்டாரு. எங்களை இதுவரைக்கும் ஒண்ணும் கேட்டதில்ல." வீரம்மா அதைச் சோற்றுப்பைக்குள் வைத்து மேலே துண்டைப் போட்டாள்.

கனகலிங்கம் பதினொன்றரைக்கு வந்தார். வெளியிலிருந்து பார்த்திருக்கிறார். மேசை இழுப்பறையிலிருந்த பழைய கைப்பிடியை எடுத்துக்கொண்டு நேராக மேலே ஏறி வந்தார். நெற்றியில் விபூதி இருந்தது.

"யாரு தெறந்தது?"

"நான்தான், அங்கிள்."

"நீ இன்னும் இந்த வீட்டுக்கு வரல. வர்றதுக்குள்ள ஜன்னலைத் தெறக்கற." அவர் வீரம்மாவின் பக்கம் கைப்பிடியை நீட்டினார். "மூடு."

"கைமுட்டி வலி, பாஸ்," என்றாள் வீரம்மா. சற்று முன் சுற்றிய கையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

அடுத்தவளைப் பார்த்தார். அவளுக்கும் ஏதோ வலி. பதினோரு பேருக்கும் வலி. அவரே மாட்டிச் சுற்றினார். பத்துச் சுற்றில் இருமல் வந்தது. அவர் முகத்தில் துண்டு இல்லை. இருபதில் கண் சிவந்து, ஒன்றும் சொல்ல முடியாமல் கீழே இறங்கிப் போனார். சஞ்சீவை அனுப்பினார்.

சஞ்சீவ் கைக்குட்டையால் மூக்கைக் கட்டிக்கொண்டு வந்தான். மிச்சத்தைச் சுற்றினான். ஒரு முறையாவது தன் பக்கம் பார்ப்பான் என்று ராஜினி நினைத்தாள். தகடுகள் ஒன்றின்மேல் ஒன்று படிந்தன. கோடுகள் மெலிந்து தரையிலிருந்து மறைந்தன. அவன் கைப்பிடியைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனான்.

அவன் போன பிறகு வீரம்மா சோற்றுப்பையைத் திறந்தாள்.

அன்று மாலை தங்கரத்தினம் சட்டைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்து மேசைமேல் வைத்துத் தடவி விரித்தார். பிரித்துப் பிரித்துப் படித்ததில் மடிப்புகள் நைந்திருந்தன.

"எழுது," என்றார்.

அவள் இலாகாவுக்கு இரண்டு வரி எழுதினாள். இந்த வேலைக்கான ஆர்டர் எங்களுக்குக் கொடுக்கப்படவில்லை. எங்கள் தரப்பில் தாமதம் ஏதும் இல்லை. அவள் எடுத்த அளவுகளை இணைத்தார்கள். அம்மா சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா கையெழுத்துப் போட்டார்.

அடுத்த வாரம் சம்பந்தம் முறிந்தது. தொலைபேசியில் கனகலிங்கம் நெடுநேரம் பேசினார். தங்கரத்தினம் "ஆமாண்ணே" என்று மூன்று முறை சொல்லிவிட்டு வைத்தார். சஞ்சீவிடமிருந்து ஒரு செய்தி வந்தது. அப்பாவிடம் இன்னும் பேசிப் பார்க்கிறேன் என்றது.

இலாகாவிலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்து மேல்மாடியைப் பார்த்தாள். அன்றைக்கு ஜன்னல்கள் திறந்திருந்தன. புதிய ஏற்பாடு வரும்வரை அவற்றை மூடவே கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

சீர் செய்ய வசதியில்லாமல் பெண்வீட்டார் பின்வாங்கிவிட்டார்கள் என்று பிரிக்பீல்ட்ஸில் பேச்சு. ஒரு விசிறிகூடக் கொடுக்க முடியாதவர்களாம். முதலில் இதை அம்மாவின் காதில் போட்டவள் கோயிலில் பக்கத்தில் உட்கார்ந்து பாடுகிறவள். அம்மா அதன்பிறகு வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குப் போகவில்லை.

ஆவணிக்கு மண்டபம் ஏற்கெனவே எடுத்தாயிற்று. அதை வீணாக்கக் கனகலிங்கத்துக்கு மனமில்லை. கிள்ளானில் பெரிய ஹார்ட்வேர் கடை வைத்திருப்பவரின் மகளை அதே தேதிக்குப் பேசி முடித்தார்.

ஆடி பிறந்து ஒரு வாரம் இருக்கும். மத்தியானம் வீரம்மா ராஜினிக்கு ஒரு படம் அனுப்பினாள். மேல்மாடியின் கிழக்குச் சுவர். சுவர் தெரியவில்லை. ஆள் உயர அட்டைப்பெட்டிகள் வரிசையாகவும் ஒன்றன்மேல் ஒன்றாகவும் கூரைவரை நின்றன. ஒவ்வொரு பெட்டியிலும் மஞ்சள் தடவிக் குங்குமப் பொட்டு வைத்திருந்தது.

ராஜினி உடனே அழைத்தாள்.

"என்ன அக்கா இது?"

"ஃபேன். கிள்ளான் பொண்ணு வீட்டுச் சீரு. ஆடியில எறக்கக்கூடாதுன்னு முன்னாடியே கொண்டாந்து எறக்கிட்டாங்க."

"எப்ப மாட்டப் போறாங்க?"

"கல்யாணத்துக்கு முந்தின வெள்ளி. பூசை போட்டுத்தான் பெட்டியப் பிரிக்கணுமாம்."

"ஜன்னலை மூடக்கூடாதுன்னு எழுதிக் குடுத்திருக்காங்களே."

"மூடல. தெறந்துதான் இருக்கு. பாஸ் அதத் தொடவே இல்ல. முன்னால பெட்டிய அடுக்கிட்டாரு, அவ்ளோதான்." வீரம்மா இருமினாள். துண்டுக்குள் இருமும் சத்தம். "பூசை முடியறவரைக்கும் பெட்டிய யாரும் தொடக்கூடாதுன்னு சொல்லிட்டுப் போயிருக்காரு."

"எத்தனை பெட்டி?"

"பத்து."

அந்தப் பக்கம் சிமெண்டுத் தரையில் கனமான எதையோ இழுக்கும் சத்தம் கேட்டது. "ஏய், அந்த முனையப் புடிடி," என்றது ஒரு குரல். மறுபடி இழுக்கும் சத்தம்.

"என்ன சத்தம், அக்கா?"

"தொடறோம்," என்றாள் வீரம்மா.